பாப்லோ அராவுஸின் படம் யாருக்குச் சொந்தம்?

1979 ஜூலை 16 அன்று, நிகரகுவாவின் எஸ்தெலி நகரில், அரசின் தேசியக் காவல்படையை நோக்கிப் பெட்ரோல் குண்டு வீசப்போகும் ஒருவரைச் சூசன் மைசலஸ் என்ற அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் வண்ணத்தில் படம் பிடித்தார். குண்டு வீசுபவரின் ஒரு கையில் திரி எரியும் பெப்சி பாட்டிலும் மறு கையில் துப்பாக்கியும் இருக்கின்றன. கழுத்தில் சிலுவை தொங்குகிறது. பின்னால் மணல் மூட்டைகளும் ஒரு டாங்கியும் தெரிகின்றன. மறுநாள் சர்வாதிகாரி சொமோசா நாட்டை விட்டு ஓடினார். நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஒரே குடும்பத்தின் பிடியில் இருந்த நாடு, அடுத்த இரண்டு நாள்களில் சான்டினிஸ்டாக்கள் என்ற இடதுசாரிப் புரட்சியாளர்களின் கைக்கு வந்தது.

நூல்களுக்கு அட்டை வடிவமைப்பது என் தொழில் என்பதால், பிறர் எடுத்த படத்தை எந்த அளவுக்கு எடுத்தாளலாம் என்ற கேள்வி எனக்கு அன்றாடம் எழுவது. இந்தக் கேள்வியை வெறும் உரிமக் கட்டணச் சிக்கலாகப் பேசுவது போதாது என்று நான் உறுதியாக நம்புவதற்கு, இந்த ஒரு படத்துக்குப் பின்னாளில் நேர்ந்தவையே காரணம்.

ஜாய் கார்னெட் என்ற நியூயார்க் ஓவியர், உணர்ச்சியின் உச்சத்தில் இருக்கும் மனிதர்களின் படங்களை இணையத்திலிருந்து திரட்டி, அவை எங்கிருந்து வந்தன என்பது தமக்கே மறந்துபோகும் அளவுக்குச் சில மாதங்கள் ஒதுக்கி வைத்து, பிறகு அவற்றைப் பார்த்து வரைந்தார். செய்தியாக வந்த படத்திலிருந்து செய்தியைக் கழித்துவிட்டால் எஞ்சுவது என்ன என்று பார்ப்பதே அவருடைய நோக்கம். அப்படித் திரட்டியவற்றுள் எஸ்தெலி படத்திலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டும் இருந்தது. அதைக் கொண்டு அவர் வரைந்த பெரிய எண்ணெய் வண்ண ஓவியம் 2004-ல் நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டது. குண்டு வீசும் மனிதர் மட்டும் அதில் நெருக்கத்தில் நிற்கிறார். ஊரும் நாளும் போரும் அதில் இல்லை.

மைசலஸின் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. அனுமதி பெற வேண்டும், மூலப் படத்தை எடுத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று கேட்டதோடு, பின்னர் கட்டணமும் கோரப்பட்டது. கார்னெட் தம் இணையதளத்திலிருந்து ஓவியத்தை நீக்கினார். உடனே அவருக்கு ஆதரவாகப் பல நாட்டுக் கலைஞர்கள் அந்த ஓவியத்தைப் பிரதியெடுத்தும் மாற்றியும் ஒட்டியும் வெட்டியும் இணையமெங்கும் பரப்பினார்கள். மைசலஸ் வழக்குத் தொடுக்கவில்லை. 2007 பிப்ரவரியில் ஹார்ப்பர்ஸ் இதழ் இருவரின் தரப்பையும் அடுத்தடுத்து வெளியிட்டது. அந்த மனிதரின் போராட்டத்துக்கு உரிமை கொண்டாட யாரால் முடியும் என்பது கார்னெட்டின் கேள்வி. தாம் படமெடுத்த மனிதருக்குத் தாம் பட்டிருக்கும் கடனே தம்மைப் பேசவைக்கிறது என்பது மைசலஸின் பதில்.

இந்தப் பதிலை நான் அப்படியே ஏற்கிறேன். ஏற்பதற்குக் காரணமும் அந்தப் படத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. நிகரகுவாவில் அதே உருவம் யாரையும் கேட்காமல் பல்லாயிரம் முறை படியெடுக்கப்பட்டது. புரட்சியின் ஆண்டு விழாவை ஒட்டித் தீப்பெட்டியில் அச்சானது, சுவர்களில் அச்சுத்தகடு வைத்து வண்ணம் தெளிக்கப்பட்டது, சான்டினிஸ்டாக்களை எதிர்த்தவர்கள் கூடத் தங்கள் வெளியீடுகளில் அதைப் போட்டுக்கொண்டார்கள். இவை எதற்கும் மைசலஸ் கட்டணம் கேட்கவில்லை. மாறாக, தம் படம் எங்கெல்லாம் போயிற்று என்று தேடிச் சேர்த்துவைத்தார். பத்தாண்டுகள் கழித்து அந்நாட்டுக்குத் திரும்பிப் போய்த் தம் படங்களில் இருந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவர்களின் வாழ்க்கை என்னவாயிற்று என்று கேட்டு ஆவணப்படம் எடுத்தார். குண்டு வீசியவரின் பெயர் பாப்லோ அராவுஸ் என்பதை உலகம் அறிந்துகொண்டது மைசலஸ் வழியாகத்தான். படியெடுத்தலை எதிர்ப்பவர் இப்படிச் செய்யமாட்டார். ஒரு சுவரில் அந்த உருவம் வந்தபோது, அது எந்தப் போரில் யாரை எதிர்த்து நின்றது என்பதை அந்தத் தெருவில் நடந்தவர்கள் எல்லோரும் அறிந்திருந்தார்கள். நியூயார்க் காட்சிக்கூடத்தில் அதைப் பார்த்தவருக்கு அது ஏதோ ஒரு கலவரத்தில் வெறிகொண்ட ஒருவர் என்பதாகவே மிஞ்சியது. சர்வாதிகாரத்தை எதிர்த்து உயிரைப் பணயம் வைத்தவரைக் கலகக்காரராகக் காட்டுவது அவருக்கு இழைக்கும் அநீதி.

இதனால் கார்னெட்டின் ஓவியமே கூடாது என்று சொல்லிவிட முடியாது. படம் எடுத்தவர் வேண்டாம் என்றால் அடுத்தவர் தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும் என்ற நிலை வந்தால், அதனால் பயனடைவோர் கலைஞர்களாக இருக்கமாட்டார்கள். ஆயிரக்கணக்கான படங்களை வாங்கிக் குவித்து வைத்திருக்கும் நிறுவனங்களாகவே இருப்பார்கள். ஆகவே, பிறர் படத்தை எடுத்தாள்வதைக் கட்டணத்தாலும் அச்சுறுத்தலாலும் கட்டுப்படுத்தும் வழி எனக்கு உவப்பானதன்று.

சட்டம் தீர்த்துவைக்கக்கூடிய பகுதி ஒன்று உண்டு, அது சந்தை. 1981-ல் லின் கோல்ட்ஸ்மித் எடுத்த பாடகர் பிரின்ஸின் படத்தை, ஓவியருக்கு மாதிரியாகத் தருவதற்காக, ஒரே ஒருமுறை பயன்படுத்தும் உரிமத்தோடு வேனிட்டி ஃபேர் இதழ் 1984-ல் 400 டாலருக்கு வாங்கியது. ஓவியர் ஆண்டி வார்ஹால். அவர் ஒன்றோடு நிறுத்தாமல் அதே படத்திலிருந்து மேலும் 15 படைப்புகளை உருவாக்கினார். 2016-ல் பிரின்ஸ் இறந்தபோது அவற்றில் ஒன்று நினைவு இதழின் அட்டையில் வந்தது; வார்ஹால் அறக்கட்டளைக்கு 10,000 டாலர் கிடைத்தது, கோல்ட்ஸ்மித்துக்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் கோல்ட்ஸ்மித் பக்கம் நின்றது. இது படைப்பாற்றலை நெரிக்கும் என்று நீதிபதி எலினா கேகன் கடுமையாக மறுத்து எழுதினார். எனினும் பெரும்பான்மைத் தீர்ப்பு, இதழுக்கு உரிமம் விற்ற அந்த ஒரு செயலைப் பற்றியது மட்டுமே. பிரின்ஸ் பற்றிய கட்டுரைக்குப் பிரின்ஸின் படத்தை விற்பதில் இருவரும் ஒரே கடையில் நிற்கிறார்கள் என்றால், முதலில் படமெடுத்தவருக்குப் பங்கு தருவதுதான் நியாயம்.

ஆனால், இந்த வழக்கிலும் சரி, பதிப்புரிமைச் சட்டங்களிலும் சரி, படத்தில் இருப்பவருக்கு இடமே இல்லை. இந்தியச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, தன் படைப்பைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும், தன் மதிப்பைக் கெடுக்கும் வகையில் அது சிதைக்கப்படுவதைத் தடுக்கவும் படைப்பாளிக்கு உரிமை தருகிறது. படத்தில் உள்ள முகத்துக்கு அத்தகைய பாதுகாப்பு எதையும் தரவில்லை. தன் பெயரையும் பாணியையும் பயன்படுத்திய இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை பெற முடிந்தது, ஏனெனில் அவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்ணோ, வெள்ளத்தில் கழுத்தளவு நீரில் நிற்கும் முதியவரோ தன் முகம் ஒரு நாவலின் அட்டையில் வந்ததைக் கூட அறியமாட்டார்.

அதனால் நான் வடிவமைக்கும் அட்டைகளில் ஒரு மனிதரின் முகம் வருமானால், படம் எடுத்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற விவரங்களை உரிமைப் பக்கத்தில் அச்சிடும்படி பதிப்பாளரிடம் கேட்கிறேன். படத்தில் இருப்பவரின் பெயர் தெரிந்து, அதை வெளியிடுவதால் அவருக்குத் தீங்கில்லை என்றால் அதையும் சேர்க்கச் சொல்கிறேன். இடம் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அது இரண்டு வரிகளுக்கு மேல் போவதில்லை. காட்சிக்கூடச் சுவரில் ஓவியத்தின் பெயர், ஆண்டு, அளவு, வண்ணத்தின் வகை ஆகியவற்றைச் சொல்லும் சிறு அட்டை எப்படியும் ஒட்டப்படுகிறது. கார்னெட்டின் ஓவியத்துக்கு அருகில் அந்த அட்டையில் ‘பாப்லோ அராவுஸ், எஸ்தெலி, 1979; சூசன் மைசலஸ் எடுத்த படத்திலிருந்து’ என்று ஒரு வரி இருந்திருந்தால், ஓவியத்தில் ஒரு தீற்றலைக் கூட மாற்ற வேண்டியிருந்திருக்காது.