பம்பர் மாற்றி பெயின்ட் அடிக்க ஆகும் செலவு: நெல்லைப் பக்கத்துக் கணக்கு

முன் பம்பர் உடைந்த வண்டியைப் பட்டறையில் காட்டி எவ்வளவு ஆகும் என்று கேட்டால், பம்பர் விலையையும் பெயின்ட் கூலியையும் கூட்டி ஒரு தொகை சொல்வார்கள். பம்பரைக் கழற்றிப் பின்னால் பார்க்காமல் சொல்லும் அந்தத் தொகை பாதிக் கணக்குதான். திருநெல்வேலியில் ஒரு சாதாரண ஹேட்ச்பேக்குக்கு இந்த வேலையைப் பார்த்து முடித்ததில் தெரிந்துகொண்டவற்றை, வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

மாற்றித்தான் ஆக வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். இன்றைய பம்பர் உறை பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். உள்பக்கம் அதன் சுருக்கமாக ‘பிபி’ என்றோ, ரப்பர் கலந்ததானால் ‘பிபி+இபிடிஎம்’ என்றோ அச்சாகியிருக்கும். கீறல் விடாமல் உள்ளே அமுங்கியிருந்தால் ஹீட் கன்னோ கொதிக்கும் தண்ணீரோ போதும்; சூடானதும் உள்ளிருந்து தள்ளினால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். மூன்று நான்கு அங்குலக் கீறலை, அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியை உருக்கி ஒட்டிவிடலாம். கண்ணாடி இழையும் ரெசினும் வைத்து ஒட்டுவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாலிப்ரொப்பிலீனில் ரெசின் சரியாகப் பிடிக்காது, கொஞ்ச நாளில் பட்டியோடு உரிந்து வரும். ஃபெண்டரோடு, அதாவது முன் சக்கரத்தின் மேலுள்ள தகட்டோடு, சேரும் ஓரக் காதுகள் உடைந்திருந்தால் மட்டும் யோசிக்க வேண்டாம், மாற்றிவிடுவதே மேல். ஒட்டிய காது குலுக்கலில் நிற்காது.

அடுத்த முடிவு இன்சூரன்ஸ். அதை வண்டியில் கை வைப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும், ஏனென்றால் சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்க்கும்போது உடைந்த பம்பர் வண்டியிலேயே இருக்க வேண்டும். வரி உட்பட பம்பர் 3,000, பெயின்டிங் 4,000, கழற்றி மாட்டும் கூலி 800 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 7,800 ரூபாய். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், ஆக 1,500தான் கிடைக்கும். பெயின்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். 500 போய் 3,500. கூலி 800 அப்படியே வரும். கூட்டினால் 5,800. இதில் 1500 சிசி வரையிலான வண்டிக்குக் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போனால் கைக்கு வருவது 4,800.

இனி போவதைப் பாருங்கள். க்ளெய்ம் எடுக்காத வருடங்களுக்காக பிரீமியத்தில் தரும் தள்ளுபடிதான் போனஸ். மூன்று வருடம் க்ளெய்ம் எடுக்காமல் 35 சதவீத போனஸில் இருப்பவர், சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 6,000 என்றால், அடுத்த மூன்று வருடங்களுக்கு 45, 50, 50 சதவீதத் தள்ளுபடி பெறுவார். க்ளெய்ம் எடுத்துவிட்டால் அது 0, 20, 25 ஆகிவிடும். வித்தியாசம் 2,700, 1,800, 1,500. பிரீமியம் அதே அளவில் இருந்தால் கூட்டி 6,000. வருகிற 4,800-க்காக 6,000-ஐ விடுவது எந்த விதத்திலும் நியாயமில்லை. தேய்மானமே கழிக்காத ஜீரோ டெப் பாலிசி என்றால் 6,800 வரும், ஏறக்குறைய சமம். அதனால் பம்பர் மட்டும் போன வண்டிக்குக் கைக்காசு போடுவதே சரி. ஹெட்லைட்டும் பானெட்டும் சேர்ந்து அடிபட்டிருந்தால் கணக்கு மாறும், அப்போது தாராளமாக க்ளெய்ம் போடலாம்.

பாகத்தை வாங்கும்போது சேஸிஸ் நம்பரைக் கொடுத்து வாங்குங்கள். ஒரே மாடலிலேயே ஃபாக் லேம்ப் ஓட்டை உள்ளது, இல்லாதது, சென்சார் துளை உள்ளது என்று வேறுவேறு பம்பர் உண்டு. கம்பெனிப் பெட்டியில் வருவது 2,500 முதல் 4,000 வரை, லோக்கல் அதில் பாதி. லோக்கலில் மிச்சமாகும் காசு, ஓரம் சேராமல் இழுத்து மாட்டும் கூலியிலும் இடைவெளியிலும் போய்விடும். பெட்டியில் ஒட்டியிருக்கும் எம்ஆர்பியில் வரி அடக்கம்; அதற்கு மேல் ஜிஎஸ்டி போட்டால் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரி பாகங்களுக்கு 18 சதவீதம்தான், பழைய 28 இல்லை.

கழற்றியதும் நீங்களே குனிந்து பாருங்கள். பக்கத்து பிராக்கெட் இரண்டும் பெரும்பாலும் விரிசல் விட்டிருக்கும். ஒன்று 100 முதல் 250 ரூபாய். இதை மாற்றாமல் புதுப் பம்பரை மாட்டினால் ஃபெண்டருக்கும் பம்பருக்கும் நடுவே விரல் நுழையும், குற்றம் பம்பர் மேல் விழும். கிளிப் பத்துப் பன்னிரண்டு புதிதாக வாங்குங்கள். பழையதை இழுத்துப் பிடுங்கும்போதே பாதி உடைந்துவிடும், பிறகு ஒயர் கட்டி விடுவார்கள். நடுவில் இருக்கும் இரும்பு பீம் வளைந்திருக்கிறதா, அதன் முன்னால் உள்ள ஃபோம் நொறுங்கியிருக்கிறதா, ஏசி கண்டென்ஸர் இடிபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பம்பர் உறை அழகுக்கு, இடியைத் தாங்குவது பீம். வளைந்த பீமை நெளிவெடுத்து மாட்டச் சம்மதிக்காதீர்கள்.

பெயின்ட் வேலையில்தான் நல்ல பட்டறையும் சுமாரான பட்டறையும் பிரிகின்றன. வெளிப் பட்டறையில் 2,500 முதல் 3,500, கம்பெனி சர்வீஸில் 4,000-க்கு மேல், முத்து வெள்ளைக்கு இன்னும் கூடுதல். அதற்கு வெள்ளை, முத்து, கிளியர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) என்று மூன்று அடுக்கு. வெறும் கறுப்புப் பிளாஸ்டிக்காக வந்த பம்பரில் அச்சிலிருந்து எடுக்கப் பூசிய மெழுகு ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டீகிரீஸரால் துடைத்து, லேசாகத் தேய்த்து, பிளாஸ்டிக் ப்ரைமர் அடித்த பிறகே மற்றது. இந்த ஒரு ப்ரைமரைத் தவிர்த்தால் ஒரு வருடத்துக்குள் பெயின்ட் தோல்தோலாக உரியும். வேலையை ஒப்படைக்கும்போது நான் கேட்கச் சொல்லும் ஒரே கேள்வி, பிளாஸ்டிக் ப்ரைமர் எந்த டப்பா, காட்டுங்கள் என்பதுதான். தொழிற்சாலையிலேயே ப்ரைமர் அடித்து வந்ததென்றால் 600 நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்தால் போதும்.

பிறகு கலர் இரண்டு மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நிமிடமாவது காய விட்டு. அதன் மேல், இறுக வைக்கும் ஹார்டனர் கலந்த கிளியர் இரண்டு கோட். ஒரு பம்பருக்குக் கலர் சுமார் கால் லிட்டர் போதும். கலர் எண் பானெட்டுக்குள்ளோ கதவுத் தூணிலோ ஒட்டிய தகட்டில் இருக்கும். ஆனாலும் வெயிலில் ஐந்தாறு வருடம் நின்ற வண்டிக்கு எண்ணை மட்டும் நம்பிக் கலந்தால் பம்பர் தனியாகத் தெரியும். கலந்ததை ஒரு அட்டையில் அடித்துக் காய வைத்து, கிளியரும் போட்டு, வெயிலில் ஃபெண்டர் பக்கத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில்வர்தான் அதிகம் ஏமாற்றும்: ஈரமாக அடித்தால் கறுக்கும், தூரமாக உலர அடித்தால் வெளிறும்.

நம் ஊர்ப் பருவமும் இதில் குறுக்கே வரும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, தகரக் கொட்டகையில் அடிக்கும் பெயின்டில் மண்ணைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். அந்த மாதங்களில் மூடிய பூத் உள்ள இடத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேகமாகக் காயும் தின்னர் போட்டால் மேற்பரப்பு வெள்ளை பூக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் அதே தின்னர் பரவும் முன்பே காய்ந்து ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிடும். மெதுவாகக் காயும் தின்னர் வேண்டும். சூடேற்றிக் காய வைப்பதானால் 60 டிகிரி, அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் வளையக்கூடும்.

பின் பம்பரில் பார்க்கிங் சென்சார் இருந்தால் அதன் முகத்தில் பெயின்ட் தடிமனாக ஏறக் கூடாது, உணர்திறன் குறையும். முன் பம்பருக்குப் பின்னால் ரேடார் உள்ள புது வண்டிகளில் அந்த இடத்தில் பட்டி வைக்கவே கூடாது, மாட்டிய பிறகு கேலிபரேஷனும் (ரேடாரைச் சரியாக அளவமைப்பது) தேவைப்படும். இதெல்லாம் கம்பெனி சர்வீஸில் செய்ய வேண்டிய வேலை.

வண்டியை எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில் எடுங்கள். இரண்டு ஓர இடைவெளியும் சமமா, ஃபாக் லேம்ப் எரிகிறதா, பானெட் பம்பரில் உரசாமல் மூடுகிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் பிரஷர் வாஷ் வேண்டாம், ஒரு மாதம் மெழுகு பாலிஷ் வேண்டாம். மிச்சக் கலரில் 50 மில்லி கேட்டு வாங்கி, பாட்டிலில் கலர் எண்ணை எழுதி வையுங்கள். நாங்குநேரி நான்குவழிச் சாலையில் கல் தெறித்தால் தொட்டுவிட அது போதும்.