பல்சார் சுழற்சியின் பிசகுகளை அளப்பது: ஆய்வுத் திட்டம் எடுக்கப் போகிறவர்களுக்கு

முதுநிலை இயற்பியலின் கடைசி ஆண்டில் நான் எடுத்துக்கொண்ட தலைப்பு, பல்சார்களின் சுழற்சியில் வரும் ஒழுங்கின்மைகளை அளப்பது. இதையோ இதை ஒட்டிய ஒன்றையோ எடுக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கு எங்கே நாட்கள் போயின, எது கைகொடுத்தது என்பதுதான் இதில் இருக்கும்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்சார் என்பது வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன், அதாவது பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் மிக அடர்ந்த உள்ளகம். அதன் ரேடியோக் கற்றை சுற்றுக்கு ஒருமுறை நம் பக்கம் வீசிவிட்டுப் போகும். 1967இல் ஜோசலின் பெல் கண்ட முதல் பல்சாருக்கு ஒரு சுற்று 1.337 வினாடி. நண்டு நெபுலாவில் இருப்பது வினாடிக்கு ஏறத்தாழ 30 முறை சுற்றுகிறது. அதன் சுழற்சிக் காலம் நாளொன்றுக்குச் சுமார் 36 நானோவினாடி நீண்டுகொண்டே போகிறது. இந்தச் சீரான வேகக் குறைவை வைத்து, ஒவ்வொரு துடிப்பும் எப்போது வர வேண்டும் என்று கணிக்கிறோம். வந்த நேரத்திலிருந்து கணித்த நேரத்தைக் கழித்தால் மிஞ்சுவது எச்சம். வேலை முழுக்க அந்த எச்சத்தில்தான்.

நான் செய்த முதல் தவறு, துடிப்பு நேரங்களுக்குக் கணிப்பைப் பொருத்தும் டெம்போ2 மென்பொருளை நேராகத் திறந்து எல்லா அளவுருக்களையும் ஒரே மூச்சில் பொருத்தியது. என் கையில் இருந்தது ஏழு மாதத் தரவு. எச்சம் தட்டையாக வந்தது, ஆனால் வேகக் குறைவின் அளவு மட்டும் அட்டவணை மதிப்போடு ஒத்துப்போகவில்லை. விண்மீனிலேயே ஏதோ பிசகு என்று நம்பி மூன்று வாரம் படித்தேன். பிறகு இரண்டு வருடத் தரவைச் சேர்த்ததும், சரியாக ஓராண்டு அலைநீளத்தில் ஓர் அலை எழுந்தது. விண்மீனின் இருப்பிடத்தை உள்ளீட்டுக் கோப்பில் இரண்டு ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) தவறாகத் தட்டியிருந்தேன்.

இது ஏன் இவ்வளவு பெரிதாகிறது? பூமி சூரியனைச் சுற்றுவதால் துடிப்புகள் நம்மை வந்தடையும் நேரம் ஆண்டு முழுக்க முன்பின்னாகும். அதைக் கழிக்க எல்லா நேரங்களையும் சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்கு மாற்றுகிறோம். சூரியனிலிருந்து பூமிக்கு ஒளி வர சுமார் 499 வினாடி. எனவே இருப்பிடம் ஒரே ஒரு ஆர்க்செகண்ட் தவறினாலும் 2.4 மில்லிவினாடி உயரம் வரை ஓர் அலை மிஞ்சும். ஓராண்டுக்குக் குறைவான தரவில் அந்த அலையின் ஒரு துண்டுதான் தெரியும். அது பார்ப்பதற்கு வேகக் குறைவின் வளைவு போலவே இருக்கும். என்னை ஏமாற்றியது அதுதான்.

அதனால் மென்பொருளைத் தொடும் முன் காகிதத்தில் வரைந்து பழகுங்கள். சுழற்சிக் காலம் தவறினால் எச்சம் சாய்ந்த நேர்கோடு. வேகக் குறைவு தவறினால் பரவளையம். இருப்பிடம் தவறினால் ஆண்டு அலை. விண்மீன் வானில் நகர்வதைக் கணக்கில் எடுக்காவிட்டால், வருடா வருடம் உயரம் கூடும் அலை. இந்த நான்கையும் கண்ணை மூடினாலும் வரையத் தெரிய வேண்டும்.

இந்தப் பிழை பெரியவர்களையும் விட்டதில்லை. 1991இல் பி1829-10 என்ற பல்சாரைச் சுற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வலம்வரும் கோள் இருப்பதாக வானியலாளர் ஆண்ட்ரூ லைனின் குழு அறிவித்தது. பல்சாரின் இருப்பிடத்தில் இருந்த பிழையால் பூமிப் பாதையின் நீள்வட்ட விளைவு சரியாகக் கழியாமல் மிஞ்சியிருந்தது. 1992 ஜனவரியில் வானியலாளர்கள் கூடிய அவையில் அவரே எழுந்து அதைத் திரும்பப் பெற்றார். ஆறு மாதம், ஓராண்டு, ஒரு நாள் என்று பூமியின் சொந்தத் தாளத்தில் எது தெரிந்தாலும் முதலில் உங்கள் கணக்கைச் சந்தேகியுங்கள்.

அடுத்தது கிளிட்ச். சுழற்சி சட்டென்று வேகமெடுக்கும் நிகழ்வு இது. 1969இல் வேலா பல்சாரில் வி. ராதாகிருஷ்ணனும் ரிச்சர்ட் மான்செஸ்டரும் இதைக் கண்டார்கள். வேறொரு குழுவும் தனியாகக் கண்டது. விண்மீனின் திடமான மேலோட்டுக்குள் இருக்கும் மீபாய்மம் (உராய்வின்றி ஓடும் பாய்மம்) தன் சுழல்வேகத்தைச் சட்டென்று ஓட்டுக்குக் கொடுப்பதே காரணம் என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இங்கே ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். வேலா வினாடிக்கு 11 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. பெரிய கிளிட்ச் அந்த வேகத்தில் பத்து லட்சத்தில் 2 பங்கைக் கூட்டும். சொற்பம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு நாளில் ஏறத்தாழ இரண்டு முழுச் சுற்று முந்திவிடும்! வாரம் ஒருமுறை மட்டும் பார்த்தால் இடையில் எத்தனை சுற்று போனது என்ற எண்ணிக்கையே கைவிட்டுப் போய்விடும். எண்ணிக்கை தவறிய பின் எவ்வளவு அழகாகப் பொருத்தினாலும் பயனில்லை. பார்வை நாட்களின் இடைவெளியைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே நியாயப்படுத்துங்கள்.

கடிகாரக் கோளாறையும் கிளிட்சையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கடிகாரம் குதித்தால் எச்சம் ஒரு படி ஏறியோ இறங்கியோ அங்கேயே நிற்கும்; கிளிட்சில் அன்றிலிருந்து கீழ்நோக்கிச் சரிந்துகொண்டே போகும். இன்னொரு சோதனை, அதே நாளில் பார்த்த மற்ற பல்சார்கள். எல்லாமே ஒன்றாகக் குதித்தால் குற்றம் கடிகாரத்தில்தான். விண்மீன்களுக்கு இடையிலுள்ள எலக்ட்ரான்களால் வரும் தாமதமும் காலப்போக்கில் மாறும். அது தாழ்ந்த அதிர்வெண்ணில் பெரிதாகத் தெரியும் என்பதால் இரண்டு அதிர்வெண்களில் தரவு கேளுங்கள்.

இவை எல்லாம் கழிந்த பிறகும் நிற்கும் மெதுவான அலைச்சலைத்தான் நேர இரைச்சல் என்கிறார்கள். உண்மையில் நான் தேடி வந்தது இதைத்தான். ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகச் சிதறும் என்ற அனுமானத்தில் பொருத்தினால், பிழை வரம்புகள் உண்மையைவிட மிகச் சிறியதாக வரும், ஏனென்றால் இந்த இரைச்சலில் அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே இதைச் சுற்றித்தான். வேகக் குறைவு சுழல்வேகத்தின் எத்தனையாவது அடுக்கைப் பொறுத்தது என்று சொல்லும் எண்ணுக்கு பிரேக்கிங் இண்டெக்ஸ் என்று பெயர். ஒரு பல்சாருக்கு நான் கணித்தது ஆயிரக்கணக்கில் வந்திருந்தது. சுழலும் காந்தம் வெளிவிடும் காந்த இருமுனைக் கதிர்வீச்சு மட்டும் வேகத்தைக் குறைத்தால் அது 3 ஆக இருக்க வேண்டும். நண்டுப் பல்சாருக்கு அளந்தது 2.5. அப்படியானால் உன் எண் என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். அது தடுப்பு விசையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நேர இரைச்சலின் ஒரு துண்டைத்தான் அளந்திருக்கிறேன், தரவின் நீளத்தை மாற்றினால் குறியே மாறிவிடுகிறது என்று சொல்லி, மூன்று வெவ்வேறு நீளங்களுக்குப் போட்டுவைத்த வரைபடங்களைக் காட்டினேன். அதற்குப் பிறகு பேச்சு நன்றாகப் போனது.

அப்புறம், இந்த அலைச்சல் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்பார்கள். 2006இல் வெளியான பி1931+24 பற்றிய முடிவைக் கட்டாயம் படித்துவிட்டுப் போங்கள். அந்தப் பல்சார் சில நாட்கள் ஒளிரும், பிறகு பல நாட்கள் அணைந்திருக்கும். ஒளிரும்போது ஏறத்தாழ 50 சதவீதம் வேகமாகச் சுழற்சி குறைகிறது. 2010இல் லைனும் அவர் குழுவும் வேறு சில பல்சார்களில் துடிப்பின் வடிவம் மாறுவதும் வேகக் குறைவு மாறுவதும் சேர்ந்தே நடப்பதைக் காட்டினார்கள். எனவே வருகை நேரத்தை எடுத்துவிட்டுத் துடிப்பின் வடிவத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான் முதல் நான்கு மாதத்துக்கு வடிவங்களைச் சேமிக்கவில்லை. அதற்காக மூலத் தரவை முழுவதுமாக மீண்டும் ஓட்ட வேண்டியதாயிற்று.

சொந்தத் தரவு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்க் ரேடியோ வானாய்வகம் நண்டுப் பல்சாரின் சுழற்சி அளவுகளை மாதாமாதம் பொதுவில் வைக்கிறது. அதில் ஓரிரண்டு ஆண்டு எண்களை மட்டும் எடுத்து, ஒரு நேர்கோட்டைக் கழித்து, மிஞ்சுவதை வரைந்து பாருங்கள். ஒரு மாலையில் முடிகிற வேலை. பெரிய கிளிட்ச் நடந்த இடங்கள் உங்களுக்கே கண்ணில் படும்.