பை ஜீரோவுக்கான ஆர்ம்வி6 டூல்செயின்: கோளாறு சிஆர்டி1 கோப்பில் இருந்தது

பழைய ரஸ்பெர்ரி பை ஜீரோ என்ற சின்னக் கணினிப் பலகையில், ரஸ்ட் மொழியில் எழுதிய என் நிரல் ஓடத் தொடங்கிவிட்டது. மடிக்கணினியில் பைக்காகக் கம்பைல் செய்து (அதற்கு வேண்டிய கம்பைலர், லிங்க்கர், லைப்ரரிகளின் தொகுப்புதான் டூல்செயின்), எஸ்சிபி என்ற நகலெடுக்கும் கட்டளை வழியாக அனுப்பி இயக்கினேன். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நீர்மட்டத்தை நிமிடத்துக்கு ஒரு முறை எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கிறது. இதே நிரல் அண்மைவரை "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்ற இரண்டே சொற்களைக் கக்கிவிட்டு நின்றுபோய்க்கொண்டிருந்தது. மெயின் ஃபங்ஷனின் முதல் வரியில் வைத்த அச்சுக் கட்டளைகூடத் திரைக்கு வரவில்லை. காரணத்தைப் பிடித்துவிட்டேன் என்ற பெருமையோடுதான் இதை எழுதுகிறேன்.

ரஸ்ட்டை நிறுவும் ரஸ்ட்அப் மூலம் இலக்கை (நிரல் ஓடப்போகும் கணினி வகையை) சேர்ப்பது, ரஸ்ட்டின் கட்டுமானக் கருவியான கார்கோவின் அமைப்புக் கோப்பில் லிங்க்கர் (கம்பைல் செய்த ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒரே நிரலாக இணைக்கும் கருவி) பெயரைக் கொடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை, விட்டுவிடுகிறேன். பையிலேயே கம்பைல் செய்தால் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: 512 எம்பி நினைவகம், ஒரே ஒரு கோர். பெரிய நிரலின் கடைசிக் கட்டத்தில் ஸ்வாப் (நினைவகம் போதாதபோது வட்டில் எழுதுவது) முழுவதும் எஸ்டி கார்டின் தலையில் விழும். கார்டின் ஆயுளும் போகும், நம் பொறுமையும் போகும்.

பை ஜீரோ 2015-இல் வந்தது. ஆனால் உள்ளே இருப்பது 2012-இல் வந்த முதல் பையில் இருந்த அதே பிசிஎம்2835 சிப்தான். அதன் கோர் ஆர்ம்1176, அதாவது ஆர்ம் கட்டமைப்பின் ஆறாம் தலைமுறையான ஆர்ம்வி6, சுருக்கமாக வி6. தசம எண்களுக்கு விஎஃப்பி2 அலகு உண்டு. தம்ப்-2 எனப்படும், இரண்டு பைட்டும் நான்கு பைட்டும் கலந்த சுருக்கக் கட்டளைகள் கிடையாது. டெபியன் லினக்ஸின் ஆர்ம்எச்எஃப் (வன்பொருள் தசம எண்ணைப் பயன்படுத்தும் ஆர்ம்) பதிப்போ ஆர்ம்வி7-ஐக் குறைந்தபட்சமாக வைத்துக் கட்டப்பட்டது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2012-இல் ராஸ்பியன் (பைக்கான டெபியன் வகை லினக்ஸ்) குழுவினர் டெபியனின் பொட்டலங்களை எல்லாம் ஆர்ம்வி6-க்காக மறுபடியும் கம்பைல் செய்தார்கள். மலையளவு வேலை அது. வன்பொருள் தசம எண் வேகத்தை இந்தச் சின்னப் பலகைகளுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்.

இங்கேதான் முடிச்சு. ராஸ்பியனும் டெபியனும் தங்கள் ஆர்ம் பதிப்புக்கு வைத்திருக்கும் பெயர் ஒன்றே: ஆர்ம்-லினக்ஸ்-ஜிஎன்யுஈஏபிஐஎச்எஃப். மடிக்கணினியில் அந்தப் பெயரில் கிடைக்கும் ஜிசிசியை (சி கம்பைலரை) ஆப்ட் மூலம் நிறுவினால் வருவது ஆர்ம்வி7 கம்பைலர். பைக்குள் அதே பெயரில் உட்கார்ந்திருப்பது ஆர்ம்வி6 லைப்ரரிகள். ரஸ்ட் இதைச் சரியாகப் பிரித்து வைத்திருக்கிறது: ஆர்ம் என்று தொடங்கும் இலக்கு வி6, ஆர்ம்வி7 என்று தொடங்குவது வி7. ஆனால் ரஸ்ட் தன் கடைசிக் கட்டத்தை வெளி லிங்க்கரிடம் ஒப்படைக்கிறது. அந்த ஒப்படைப்பில்தான் எல்லாம் கெட்டது.

எஸ்க்யூலைட்டின் சி மூலத்தைக் கம்பைல் செய்யும் சிசி என்ற ரஸ்ட் லைப்ரரி (கிரேட்), ஆர்ம் இலக்கைக் கண்டதும் தானாகவே வி6 கட்டமைப்பு, ஆர்ம் பயன்முறை, விஎஃப்பி ஆகிய விருப்பங்களைச் சேர்க்கிறது. நன்று. கையால் சி கம்பைல் செய்பவர்கள் கவனிக்க: கட்டமைப்பை மட்டும் வி6 என்று கொடுத்து ஆர்ம் பயன்முறையைக் கேட்காமல் விட்டால், தம்ப்-1-இல் ஹார்ட் ஃப்ளோட் (வன்பொருள் தசம எண்) செயல்படுத்தப்படவில்லை, மன்னிக்கவும் என்று ஜிசிசி கைவிரித்துவிடும். டெபியன், உபுண்டு கம்பைலர்களின் இயல்புப் பயன்முறை தம்ப் என்பதால் வரும் வினை. எம்-ஆர்ம் விருப்பத்தைச் சேர்த்தால் போதும்.

சரி, என் குறியீடு வி6. எஸ்க்யூலைட் வி6. ரஸ்ட்டின் ஸ்டாண்டர்ட் லைப்ரரி வி6. பிறகு வி7 எங்கிருந்து வந்தது?

ரீட்எல்ஃப் கருவிக்குப் பெரிய ஏ விருப்பம் ஒன்று உண்டு. ஆர்ம் கோப்பு எந்தத் தலைமுறைக்குக் கட்டப்பட்டது என்ற குறிப்பை அது அப்படியே எடுத்துக் காட்டும். என் நிரலில் அதை ஓட்டியபோது சிபியு ஆர்ச் என்ற வரியில் வி7, தம்ப் வரியில் தம்ப்-2, எஃப்பி வரியில் விஎஃப்பிவி3-டி16. மூன்றுமே பை ஜீரோவுக்கு ஆகாதவை. பிறகு டார்கெட் அடைவில் இருந்த ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒவ்வொன்றாக அதே கருவியில் போட்டேன். எல்லாம் வி6. லிங்க்கர் சேர்க்கும் கோப்புகளில் எது உயர்ந்த தலைமுறையோ அதுவே முழு நிரலின் குறிப்பாக எழுதப்படும். ஆகவே, வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஏதோ ஒன்று வி7.

லிங்க்கருக்கு ட்ரேஸ் விருப்பத்தைக் கொடுத்தால் தான் தொட்ட ஒவ்வொரு கோப்பின் பாதையையும் வரிசையாக அச்சிடும். அந்தப் பட்டியலில் நான் கேட்காமலே வந்து உட்கார்ந்திருந்தவை எஸ்சிஆர்டி1, சிஆர்டிஐ, சிஆர்டிபிகின்எஸ், சிஆர்டிஎன். மெயினுக்கு முன்னால் ஓடும் தொடக்கக் குறியீடு இவற்றில்தான் இருக்கிறது. எஸ்சிஆர்டி1 என்பது தலைப்பில் சொன்ன சிஆர்டி1-இன் ஒரு வகை. எஸ்சிஆர்டி1-ஐ ஆப்ஜ்டம்ப் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். ஸ்டார்ட் என்ற இடத்தில் முதல் கட்டளையே ஒரு ரெஜிஸ்டரில் சுழியம் போடும் தம்ப்-2 வகை மூவ், நான்கு பைட் நீளம். பை ஜீரோவின் கோருக்கு அந்தக் கட்டளை தெரியவே தெரியாது. என் நிரலுக்குள் நுழைவதற்கு முன்பே, வாசற்படியிலேயே கதை முடிந்துவிட்டது.

கம்பைலருக்கு எத்தனை விருப்பங்கள் கொடுத்தாலும் இது மாறாது. ஜிலிபிசி என்ற அடிப்படைச் சி லைப்ரரியோடும் ஜிசிசியோடும் ஏற்கெனவே கட்டப்பட்டு வந்த கோப்புகள் இவை. நம் கட்டளை வரி அவற்றைத் தொடுவதில்லை. "எம்-ஆர்ச் விருப்பத்தைக் கொடுங்கள், சரியாகிவிடும்" என்று எழுதிப் போகிறவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. கடைசிக் கோப்பில் ரீட்எல்ஃப் ஓட்டிப் பார்த்துவிட்டு அறிவுரை சொல்லலாம்.

வேறொரு சிபியுவைப் போல நடிக்கும் க்யூஈஎம்யு மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மடிக்கணினியிலேயே சோதிக்கலாம் என்று யூசர் மோடில் ஓட்டினால் இந்த வி7 நிரல் சிரித்துக்கொண்டு ஓடும், ஏனென்றால் அதன் இயல்புச் சிபியு எல்லா வசதிகளும் உள்ள கற்பனைச் சிபியு. சிபியு விருப்பத்துக்கு ஆர்ம்1176 என்று கொடுத்தால்தான் பையில் தெரிந்த சாவு இங்கேயும் தெரியும். இப்போது என் பில்ட் ஸ்கிரிப்ட்டின் கடைசி இரண்டு வரிகள் இவைதாம்: ரீட்எல்ஃப் வெளியீட்டில் வி7 இருந்தால் நிறுத்து; இல்லையென்றால் ஆர்ம்1176-ஆகக் க்யூஈஎம்யுவில் ஓட்டு. இரண்டும் தேறினால்தான் எஸ்சிபி.

அடுத்த கேள்வி, வி6 டூல்செயினை எங்கே வாங்குவது? ஆர்ம் நிறுவனம் வெளியிடும் லினக்ஸ் டூல்செயினும் வி7-ஐ அடிப்படையாகக் கொண்டதுதான், நமக்குப் பயன்படாது. பூட்லின் தளத்தில் ஆர்ம்வி6-ஈஏபிஐஎச்எஃப் என்று தனியாகவே கட்டி வைத்திருக்கிறார்கள். ஜிலிபிசி, மஸ்ல், யூசிலிபிசி என்ற மூன்று சி லைப்ரரிகளிலும் கிடைக்கிறது, ஸ்டேபிள், பிளீடிங் எட்ஜ் என இரண்டு வரிசைகளில். அவிழ்த்து வைத்தவுடன் வேலை செய்கிறது. அவசரக்காரர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். நான், டூல்செயினை நாமே கட்டிக்கொள்ள உதவும் கிராஸ்டூல்-என்ஜி பக்கம் போனேன். காரணம் ஜிலிபிசி.

என் பையில் இயங்குதளத்தின் புல்ஸ்ஐ பதிப்பு இருக்கிறது. அதன் ஜிலிபிசி 2.31. 2021 ஆகஸ்டில் வந்த 2.34-இல் பித்ரெட் என்ற த்ரெட் லைப்ரரியை முதன்மை லைப்ரரிக்குள் இணைத்ததோடு, நிரலைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷனுக்கே புதிய பதிப்பு எண் கொடுத்துவிட்டார்கள். ஆகவே 2.34 அல்லது அதற்குப் பிந்தைய ஜிலிபிசியோடு இணைத்த நிரல், வணக்கம் என்று அச்சிடுவதைத் தவிர வேறெதுவும் செய்யாவிட்டாலும், பழைய கணினியில் "ஜிலிபிசி 2.34 கிடைக்கவில்லை" என்று நின்றுவிடும். உபுண்டு 22.04-இல் இருப்பது 2.35. டூல்செயினின் ஜிலிபிசி, ஓடப்போகும் கணினியின் ஜிலிபிசியைவிடப் புதிதாக இருக்கக் கூடாது. இந்த விதியைப் பின்பற்றுவதே பாதுகாப்பு.

கிராஸ்டூல்-என்ஜியின் மெனுவில் நான் தொட்டவை: கட்டமைப்பு நிலையில் ஆர்ம்வி6, எஃப்பியு-வில் விஎஃப்பி, தசம எண்ணுக்கு ஹார்ட்வேர், இயல்புக் கட்டளைப் பயன்முறை ஆர்ம், ஜிலிபிசி 2.31, கெர்னல் ஹெடர்கள் 5.10. இன்னொன்றையும் மறக்காமல் செய்யுங்கள்: கம்பைலரின் பெயரில் சேரும் வெண்டர் சரத்தில் சொந்தப் பெயர் ஒன்றைக் கொடுங்கள். நான் ஆர்பிஐ என்று கொடுத்தேன். இப்போது என் கம்பைலரின் பெயர் டெபியனுடையதோடு மோதுவதில்லை; பாத் மாறியில் எது முன்னால் வருகிறது என்ற கவலையும் இல்லை.

வீட்டு அடைவுக்குள் எஸ்ஆர்சி என்ற அடைவை முன்கூட்டியே உருவாக்கி வையுங்கள். அது இல்லையென்றால், இறக்கிய மூலக் கோப்புகளைக் கிராஸ்டூல்-என்ஜி சேமித்து வைக்காது. கட்டும் அடைவைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடியும் கட்டினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து இறக்கும். எல்டி லைப்ரரி பாத் மாறி அமைக்கப்பட்டிருந்தால் அது தொடங்கவே மறுக்கும், ரூட்டாக ஓட்டினாலும் மறுக்கும். இரண்டுமே நியாயமான பிடிவாதங்கள். பழைய பதிப்பை வைத்திருப்பவர்களுக்கு, ஜிசிசி பயன்படுத்தும் ஐஎஸ்எல் லைப்ரரியை இறக்கும் இடத்தில் கட்டுமானம் நிற்கும். அது இருந்த சேவையகம் 2021-இல் மூடப்பட்டுவிட்டது. புதிய பதிப்பில் முகவரியை மாற்றியிருக்கிறார்கள். மேக் கணினிக்காரர்கள் பெரிய எழுத்து, சிறிய எழுத்தை வேறுபடுத்தும் வட்டுப் பகுதி ஒன்றைத் தனியாக உருவாக்கிக்கொள்ள வேண்டும். லினக்ஸ் கெர்னல் மூலத்தில் எழுத்தளவில் மட்டும் வேறுபடும் கோப்புப் பெயர்கள் இருக்கின்றன.

கட்டி முடிந்ததும் நான் முதலில் பார்த்தது புதிய எஸ்சிஆர்டி1-ஐத்தான். சிபியு ஆர்ச்: வி6. தம்ப்: தம்ப்-1. எஃப்பி: விஎஃப்பிவி2. அந்த மூன்று வரிகளையும் படித்தபோது கிடைத்த நிறைவு, பையில் நிரல் ஓடியபோதுகூடக் கிடைக்கவில்லை.

ஜிக் பற்றியும் சொல்ல வேண்டும். ஜிக் மொழியோடு வரும் சி கம்பைலரான ஜிக் சிசி ஒரே பொதியில் வருகிறது, நிறுவல் எதுவும் தேவையில்லை. இலக்கின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து ஜிலிபிசி பதிப்பு எண்ணையே எழுதிவிடலாம். தொடக்கக் கோப்புகளையும் நாம் கேட்ட சிபியுவுக்கு ஏற்றபடி அங்கேயே கட்டிக்கொள்கிறது. கார்கோ-ஜிக்பில்ட் வழியாக ரஸ்ட்டோடு இணைத்துச் சின்ன நிரல் ஒன்றைப் பார்த்தேன், ஆர்ம்1176-இல் தேறியது. பெரிய நிரலை அதில் கட்டிப் பார்ப்பது வரிசையில் இருக்கிறது. கோ மொழியில் எழுதிய என் பழைய கருவிகளுக்கோ இந்தத் தொல்லை எதுவும் இல்லை: சிகோவை (கோவோடு சி-யை இணைக்கும் வசதியை) அணைத்து, கோஆர்ம் மாறிக்கு 6 கொடுத்தால் முடிந்தது, ஏனென்றால் கோ சி-யின் தொடக்கக் கோப்புகளைத் தொடுவதே இல்லை. நண்பரின் விண்டோஸ் மடிக்கணினியில் இந்த நீர்மட்ட வரைபடத்தைக் காட்ட விண்டோஸ் நிரல்களைக் கட்டும் மிங்டபிள்யூ-டபிள்யூ64 பக்கமும் போக வேண்டும்.

அதற்கு முன் பாக்கி இருப்பது சிஸ்ரூட், அதாவது பையின் லைப்ரரிகளும் ஹெடர்களும் அடங்கிய நகல் அடைவு. நீர்மட்டத்தை எம்க்யூடிடி என்ற செய்தி நெறிமுறை வழியாக அனுப்ப மொஸ்கிட்டோ லைப்ரரி வேண்டும்; அதைப் பையிலிருந்தே ஆர்சிங்க் கருவியால் நகலெடுத்து இணைக்கப் பார்க்கிறேன். இரண்டு இடங்களில் இடிக்கிறது. டெபியன் வகையறாவில் லைப்ரரிகள், கட்டமைப்பின் பெயர் கொண்ட மல்டிஆர்ச் அடைவுக்குள் இருக்கின்றன. நான் கட்டிய ஜிசிசி அங்கே தேடுவதில்லை. கிராஸ்டூல்-என்ஜியின் ஜிசிசி கூடுதல் அமைப்பில் மல்டிஆர்ச்சை இயக்கி மறுபடியும் கட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது, நகலெடுத்த சிம்லிங்க்குகளில் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்புகளில்) சில முழுப் பாதையோடு இருப்பதால், அவை மடிக்கணினியின் சொந்த லிப் அடைவைச் சுட்டுகின்றன. சிம்லிங்க்ஸ் என்ற கருவி அவற்றைச் சார்புப் பாதைகளாக மாற்றித் தந்துவிட்டது. லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக்குக்கு சிஸ்ரூட் பாதையையும் லிப் அடைவையும் மாறிகளில் கொடுத்து, ரஸ்ட் பக்கத்தில் அலவ் கிராஸ் மாறிக்கு 1 கொடுத்திருக்கிறேன். ஜிசிசி கட்டி முடிந்ததும் முதல் வேலை, வழக்கம்போல, ரீட்எல்ஃப்.