அவுட்போர்டு கியர் பெட்டிக்குள் தண்ணீர்: கசிவு பிடிபட்டது

தொண்டியில் நிற்கும் என் ஃபைபர் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினில் கியர் ஆயில் பார்க்கலாம் என்று கீழ் பிளக்கைத் திறந்தேன். முதலில் கொஞ்சம் தண்ணீர், அப்புறம் நீர்மோர் மாதிரி ஆயில். புது ஆயில் ஊற்றி ஓட்டலாம் என்றார்கள் கரையில். உப்புத் தண்ணீர் பேரிங்கைத் தின்றுவிட்டால் யார் அழுவது? எஞ்சினைக் கழற்றி, தேவகோட்டை வழியாகக் காரைக்குடி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

முகப்பில் வைக்கப் போனதும் ஆச்சி தடுத்துவிட்டார்கள். "ஆத்தங்குடிக் கல்லுல ஆயில் சிந்துனா கறை போகாதுப்பா." நியாயம்தான். பின்கட்டுக்கு மாறினேன்.

பிரிப்பதற்கு முன் காற்றழுத்தச் சோதனை. எங்கே கசிகிறது என்று அதில்தான் தெரியும். இதைச் செய்யாமல் சீல் (ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றுவது குருட்டு வேலை. ஆயிலை வடித்து, கீழ் பிளக்கை மூடி, மேல் துளையில் நிப்பிள் மாட்டி, கேஜ் வைத்த கைப்பம்பால் 10 பிஎஸ்ஐ வரை ஏற்றினேன். ரொம்ப ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கிவிடும். முள் அசையவில்லை. புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் மெதுவாகச் சுற்றியதும் இறங்கத் தொடங்கியது. தடவியிருந்த சோப்புத் தண்ணீர் அங்கே நுரைத்தது.

புரொப்பெல்லரை உருவினால், வாஷருக்குப் பின்னால் தங்கூஸ் நரம்பு (மீன்பிடி நைலான் இழை) இறுகச் சுற்றியிருக்கிறது. சீலின் உதட்டை அறுத்தது அதுதான். ஓடும்போது கியர் பெட்டி சூடாகி உள்ளே காற்று விரியும். நிறுத்தியதும் கடல் தண்ணீரில் குளிர்ந்து சுருங்கும். அப்போது அறுந்த இடம் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

ஷாஃப்டில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவிப் பார்த்தேன், பள்ளம் இல்லை. இருந்திருந்தால் புதுச் சீலும் நிற்காது. உள்ளே இரண்டு சீல். எது எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று போட்டோ எடுத்த பிறகே கழற்றினேன். பேரிங் கடையில் அதே அளவில் கார் சீல் கிடைக்கும், ஆனால் அதன் ஸ்பிரிங் உப்பில் துருப்பிடித்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் உள்ளதையே வரவழைத்தேன். ஷாஃப்டின் பேரிங்கையும் சீலையும் தாங்கும் பேரிங் கேரியரின் ஓ-ரிங்கும் (ரப்பர் வளையம்) பிளக் வாஷர்களும் புதுசு.

மறுபடி காற்று ஏற்றிச் சுற்றினேன், முள் நின்றது. வாட்டர் பம்புக்கு அடியில் சோப்பு எட்டாத இடத்தில் இருக்கும், எஞ்சினிலிருந்து கியர் பெட்டிக்கு இறங்கும் டிரைவ் ஷாஃப்டின் சீலும் நன்றாக இருக்கிறது என்று அதிலேயே தெரிந்தது. பிறகு கீழ்த் துளை வழியாக, மேல் துளையில் வழியும் வரை ஆயில் ஏற்றினேன்.

தொண்டியில் ஓட்டிவிட்டு, ஒரு ராத்திரி நிறுத்தி வைத்துக் கீழ் பிளக்கை லேசாகத் தளர்த்தினேன். சுத்தமான ஆயில்தான் வந்தது. அடுத்தது கார்புரேட்டர்.