சுமைதாங்கியில் இறங்கிய சுமைதாங்கி

"சுமைதாங்கில்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் குரல் கொடுத்தபோது என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன். என் கோலம் அப்படி. தோளில் ஒரு பை, இரண்டு கையாலும் அணைத்தபடி மாமியாருக்கு வாங்கிய டேபிள் டாப் கிரைண்டர். பெட்டியோடு 12 கிலோ.

மாமனார் ஊர் செங்கம் பக்கம். எப்போதும் காரில் தூங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவேன். தனியாக, பஸ்ஸில், இதுதான் முதல் தடவை. "சுமைதாங்கியில எறங்கி, கல்லுக்கு எதிர்ச் சந்துல போங்க" என்றாள் மனைவி. ஸ்டாப்புக்குப் பேர் வாங்கிக் கொடுத்த கல் கண்ணில் படாமலா போகும் என்று நானும் தலையாட்டினேன்.

இறங்கினால் கல்லைக் காணோம். ஒரு டீக்கடை, ஒரு காதணி விழா பேனர், ஒரு புளியமரம். போனில் 'சுமைதாங்கி' என்று தட்டினேன். காவேரிப்பாக்கம் பக்கத்துச் சுமைதாங்கியைக் காட்டி, நூறு கிலோமீட்டருக்கு மேல் போகச் சொன்னது. கிரைண்டரோடு.

புளியமரத்தடியில் ஒரு கல் தெரிந்தது. ஆகா என்று கிட்டே போனால், மஞ்சள் குங்குமத்தோடு வில்லேந்திய வீரன்.

"வேடியப்பன் சார் அது, செருப்பக் கழட்டுங்க!" என்றார் டீக்கடைக்காரர்.

இந்தப் பக்கம் நடுகல் வீரர்கள் பலருக்கும் இப்போது அதுதான் பெயர். செங்கம் பக்கத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று உண்டு. அதில் வீரனோடு கோவிவன் என்ற நாயும் நிற்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்த நாய் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். என் மாமனார் வீட்டு நாய் கள்ளன் வந்தால் வாலாட்டும். குரைப்பதெல்லாம் மாப்பிள்ளைக்கு.

"சுமைதாங்கிக் கல் எங்கண்ணே?"

"பேனருக்குப் பின்னால. பாண்டவங்க வனவாசம் வந்தப்ப, பீமன் ஒத்தக் கையால வெச்சது."

சுற்றிக்கொண்டு போனேன். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருந்தார்கள். நெஞ்சு உயரம். நாலு ஆள் சேர்ந்தால் முடிகிற வேலை, இதற்குப் போய் பீமனை இழுப்பானேன்? அதற்குள், "அங்கிள், ஸ்டம்ப மறைக்காதீங்க!" என்று ஒரு பொடியன் பேட்டை ஆட்டினான். மேல்கல்தான் பெயில்ஸாம். எந்தப் பந்துக்கும் விழாத பெயில்ஸ்.

"பீமனுமில்ல, ஸ்டம்புமில்ல" என்றார் பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி. "புள்ளத்தாச்சியாவே செத்துப்போன ஒருத்திக்கு வெச்சது. வயித்துச் சொமைய எறக்காமலே போயிட்டா. போறவன் வர்றவன் இங்க தலச்சொமைய எறக்கி வெச்சா, அவ சொம கொறையும்னு வெச்சாங்க."

எந்த வீட்டுப் பெண் என்று கேட்டேன். "எங்க பாட்டிக்கே தெரியாது" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. நான் மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"அப்புறம் எதுக்குத் தூக்கிக்கினே கத கேக்குற? எறக்கு."

இறக்கினேன். அளவெடுத்து வைத்த மாதிரி என் கை உயரத்துக்கே இருந்தது கல். அப்பாடா என்று தோளை உதறியபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அங்கிள், கிரைண்டர எடுங்க. இன்னும் ரெண்டு பால் இருக்கு."