மருந்தடிக்கிற அக்காமாருக்காக

நான் பினாங்குல இருந்து கெடா, பேரா பக்கம் தோட்டங்களுக்கு போய் யூரின் சேம்பிள் எடுக்குறவ, இதுவா விஞ்ஞானி வேலைன்னு சொந்தக்காரங்க கேப்பாங்க, ஆனா காத்துலயும் தண்ணிலயும் விஷத்த அளந்தா பாதி கதைதான், உடம்புக்குள்ள எவ்ளோ போச்சுன்னு யூரினும் ரத்தமும்தான் சொல்லும். முதுகுல பம்பு தூக்கி செம்பனைக்கு மருந்தடிக்கிற அக்காமாருக்கு மூக்க விட தோல் வழியாதான் அதிகமா ஏறுது, பம்பு ஒழுகி சட்டை நனைஞ்சா அப்படியே உள்ள போகும், அந்த வெயில்ல ரப்பர் கிளவுஸ் போட்டு நாள் பூரா நிக்க முடியுமா சொல்லுங்க!

பாராகுவாட்டுங்கிற களைக்கொல்லி மருந்துக்கு மலேசியால 2002ல தடைன்னாங்க, 2006ல தளர்த்திட்டாங்க, கடைசியா 2020 ஜனவரிலதான் முழு தடை. இந்த பெண்களுக்காக அவ்ளோ பேசின ஐரின் பெர்னாண்டஸ் அம்மா 2014லயே போயிட்டாங்க, அதான் மனசு தாங்கல.

டீமுக்கு புதுசா வர்ற பிள்ளைங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது, ரிசல்ட்ட அக்காகிட்ட நேர்ல உக்காந்து தமிழ்ல சொல்லுவியா?