பெண்ணைத் துணைக்கு நிறுத்தினால் பெண்கள் வாக்களிப்பார்களா?

அமெரிக்க அதிபர் தேர்தலில் துணை அதிபர் வேட்பாளரைத் தேடும் பருவம் வந்துவிட்டால், பிரசார அலுவலகத்தில் யாராவது ஒருவர் இந்தக் கணக்கைப் போட்டே தீருவார்: வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், நமக்குப் பெண்களிடம் ஆதரவு குறைவு, ஆகவே ஒரு பெண்ணைத் துணைக்கு நிறுத்துவோம். முதல் வரி உண்மை. 1964 முதல் எண்ணிக்கையிலும், 1980 முதல் விகிதத்திலும் அங்கே ஆண்களைவிடப் பெண்களே அதிகம் வாக்களிக்கிறார்கள். 2020இல் சுமார் 8.2 கோடிப் பெண்களும் 7.25 கோடி ஆண்களும் வாக்களித்தார்கள். இரண்டாவது வரியும் பல தேர்தல்களில் உண்மையாக இருந்திருக்கிறது. ஆனால் அந்த இரண்டிலிருந்தும் மூன்றாவது வரி பிறப்பதில்லை. இதுவரை நடந்தவற்றைப் பார்த்தாலே தெரியும்.

1984இல் ஜனநாயகக் கட்சியின் வால்டர் மொண்டேல், நியூயார்க் குயின்ஸ் பகுதியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜெரால்டின் ஃபெராரோவை அறிவித்தார். பெரிய கட்சியொன்றின் துணை அதிபர் வேட்பாளரான முதல் பெண் அவர்தான். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1980இல், குடியரசுக் கட்சியின் ரொனால்ட் ரேகனுக்கு வாக்களித்தவர்கள் ஆண்களில் 54 சதவீதம், பெண்களில் 46 சதவீதம் என்று வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பு காட்டியது. இந்த எட்டுப் புள்ளி இடைவெளிதான் மொண்டேல் தரப்புக்கு நம்பிக்கை தந்தது. 1984 முடிவு என்ன? ஆண்கள் 62, பெண்கள் 56. இடைவெளி ஆறாகச் சுருங்கியது. ஃபெராரோ களத்தில் இருந்த தேர்தலில் ரேகனின் ஆதரவு ஆண்களிடம் எட்டுப் புள்ளி கூடியது, பெண்களிடம் பத்துப் புள்ளி கூடியது. 49 மாநிலங்கள் ரேகன் பக்கம் போயின.

இதற்கு ஃபெராரோவைக் குறை சொல்வது அநியாயம். பொருளாதாரம் மீண்டுகொண்டிருந்த ஆண்டு அது. கவனிக்க வேண்டியது, எதிரணி அதே பெண்களை எப்படி அணுகியது என்பதுதான். ரேகனின் கருத்துக்கணிப்பாளர் ரிச்சர்ட் விர்த்லின் பெண் வாக்காளர்களை வயது, திருமண நிலை, வேலை ஆகியவற்றின்படி 64 வகைகளாகப் பிரித்தார். யாரிடம் வரியைப் பற்றிப் பேசுவது, யாரிடம் விலைவாசியைப் பற்றிப் பேசுவது என்று தனித்தனியாக முடிவானது. ஒரு தரப்பு பெண்களை ஒரே கூட்டமாகப் பார்த்தது; மறு தரப்பு 64 கூட்டங்களாகப் பார்த்தது.

2008இலும் இதே பிழைதான். ஹிலாரி கிளிண்டன் ஜனநாயகக் கட்சியின் முதற்கட்டத் தேர்தல்களில் சுமார் 1.8 கோடி வாக்குகள் பெற்றுத் தோற்றிருந்தார். அவருடைய ஆதரவாளர்களில் மனம் கசந்த பெண்கள் சிலராவது வருவார்கள் என்று எண்ணி, குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் அலாஸ்கா ஆளுநர் சாரா பேலினை ஆகஸ்ட் 29 அன்று ஒஹாயோவின் டேடன் நகரில் அறிவித்தார். பேலின் தன் முதல் உரையிலேயே கிளிண்டனின் வாக்குகளைக் குறிப்பிட்டார். ஆனால் கிளிண்டனுக்கு வாக்களித்த பெண்களில் பெரும்பாலோர் கருக்கலைப்பு உரிமையையும் அரசு மருத்துவக் காப்பீட்டையும் ஆதரித்தவர்கள். பேலின் இரண்டிலும் எதிர்ப்பக்கம். பாலினம் ஒன்றுதான், கொள்கை வேறு. நவம்பரில் பெண்களில் 56 சதவீதம் ஒபாமாவுக்கும் 43 சதவீதம் மெக்கெய்னுக்கும் போயின. 2004இல் அதே கட்சியின் புஷ் பெண்களிடம் 48 பெற்றிருந்தார். சரிவின் பெரும்பகுதிக்கு செப்டம்பரில் வெடித்த நிதி நெருக்கடியே காரணம், ஆண்களிடமும் சரிவு இருந்தது. ஆனாலும் பேலினால் பெண்கள் கூடுதலாக வந்தார்கள் என்று காட்ட ஒரு எண்ணும் கிடைக்காது.

அதே 2008 கணிப்பில் இன்னொரு செய்தி உண்டு. திருமணமாகாத பெண்களில் 70 சதவீதம் ஒபாமாவுக்கு வாக்களித்தார்கள். திருமணமான பெண்களில் 47 சதவீதம் மட்டுமே. இனத்தின்படி பிரித்தால் வேறுபாடு இன்னும் பெரிது: 2020இல் கறுப்பினப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் பைடன் பக்கம், வெள்ளையினப் பெண்களில் பாதிக்கு மேல் டிரம்ப் பக்கம். ‘பெண் வாக்கு’ என்ற ஒற்றைச் சொல் இவர்கள் எல்லோரையும் ஒரே பையில் போட்டுவிடுகிறது.

2020இல் பைடன் வென்றார், கமலா ஹாரிஸ் துணை அதிபரானார். அப்படியானால் உத்தி பலித்ததே என்று கேட்கலாம். 2016இலிருந்து 2020க்குள் ஜனநாயகக் கட்சியின் பங்கு பெண்களிடம் 54இலிருந்து 57 ஆனது. ஆண்களிடம் 41இலிருந்து 45. ஆண்களிடம்தான் சற்று அதிகம் கூடியது. 2024இல் ஹாரிஸே அதிபர் வேட்பாளராக நின்றபோது பெண்களிடம் 53ஆக இறங்கியது. அதிபர் வேட்பாளரே பெண்ணாக இருந்தும் கட்சி உணர்வையும் விலைவாசியையும் தாண்ட முடியவில்லை என்றால், துணை இடத்துக்கு எவ்வளவு வலு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் துணைத் தேர்வால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் அது வேறு வழியில் வருகிறது. இதை ஆராய்ந்த அரசியல் அறிஞர்கள் கிறிஸ்டோபர் டிவைனும் கைல் காப்கோவும் காட்டியது இதுதான்: துணை வேட்பாளர் நேராக வாக்கு கொண்டுவருவது மிகக் குறைவு, அவரைத் தேர்ந்தெடுத்தவரின் நிதானத்தையும் தீர்ப்பையும் மக்கள் எடைபோட அவர் ஒரு அளவுகோலாகிறார். இரண்டாவது பயன் சொந்தக் கட்சிக்குள் எழும் உற்சாகம். ஹாரிஸ் பெயர் வந்த 48 மணி நேரத்தில் 4.8 கோடி டாலர் திரண்டதாகப் பைடன் தரப்பு சொன்னது. பேலின் வந்ததும் மெக்கெய்ன் கூட்டங்களில் ஆட்கள் நிறைந்தார்கள். ஆக, ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவர்கள் எழுந்து வருகிறார்கள். எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் தாவுவதில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு வேலைக்கு வருவோம். முதலில் கருத்துக்கணிப்பில் ஏமாறக் கூடாது. “துணை வேட்பாளர் பெண்ணாக இருந்தால் நீங்கள் எங்களுக்கு வாக்களிக்கும் வாய்ப்பு கூடுமா?” என்று கேட்டால், ஏற்கெனவே வாக்களிக்கப்போகிறவர்களும் ‘கூடும்’ என்பார்கள். அந்த எண் வீங்கிய எண். மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் இன்னாரும் இன்னாரும் நின்றால் யாருக்கு வாக்கு என்றும், மறு பாதியிடம் துணைப் பெயரை மட்டும் மாற்றியும் கேட்க வேண்டும். வித்தியாசம்தான் விடை. அதிலும் பிழை வரம்பைப் பார்க்க வேண்டும்: 400 பெண்களிடம் கேட்டால் ஏறக்குறைய ஐந்து புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம், அவர்களில் புறநகர்ப் பெண்கள் நூறு பேரை மட்டும் தனியே எடுத்தால் பத்துப் புள்ளி. நாம் தேடும் விளைவோ ஒன்றிரண்டு புள்ளி. பாதி மாதிரிக்கும் பாதி மாதிரிக்கும் இடையிலான வித்தியாசத்தில் பிழை இன்னும் பெருகும். ஆயிரம் பேர் கணிப்பை வைத்து இன்ன பெண் இன்ன மாநிலத்தைத் தருவார் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

அடுத்தது பின்னணிச் சோதனை. பலரும் சறுக்குவது இங்கேதான். குறைந்தது பத்தாண்டு வருமான வரித் தாக்கல்கள், சொத்து, கடன், வழக்குகள், மருத்துவ விவரம், அளித்த ஒவ்வொரு வாக்கு, பேசிய ஒவ்வொரு பேச்சு. வேட்பாளருடையது மட்டும் போதாது, கணவருடையதும் வேண்டும். ஃபெராரோ பெயர் வந்து ஒரு மாதத்துக்குள் அவர் கணவரின் நிலவணிகக் கணக்குகளும் வரித்தாக்கல்களும் தலைப்புச் செய்தியாயின. ஆகஸ்ட் 21 அன்று ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் நின்று அவர் பத்திரிகையாளர்களுக்குப் பதில் சொன்னார், துணிவாகவே சொன்னார். ஆனால் பிரசாரத்தின் அருமையான வாரங்கள் அதில் கரைந்தன. கணவர் தனித்தொழில் செய்கிறவராக இருந்தால் அவருடைய கணக்காளரோடு முதல் வாரத்திலேயே உட்கார வேண்டும். 1972இல் ஜனநாயகக் கட்சியின் துணை வேட்பாளர் தாமஸ் ஈகிள்டனின் மருத்துவப் பின்னணி வெளிவந்து, அவர் 18 நாளில் விலகினார். சோதனைக்கு அவசரப்பட்டதன் விலை அது. பைடன் 2020 ஏப்ரல் இறுதியில் தேர்வுக் குழுவை அறிவித்து ஆகஸ்ட் 11 அன்று பெயரைச் சொன்னார், மூன்றரை மாதம். பேலினின் இறுதிச் சோதனை கடைசிச் சில நாட்களுக்குள் நடந்தது.

துணை அதிபராகிறவர் விட்டுப்போகும் பதவி யார் கைக்குப் போகும் என்பதையும் மறக்கக் கூடாது. 2020 தேர்தலில் செனட்டர் எலிசபெத் வாரன் துணை அதிபராகியிருந்தால், அவருடைய மாசசூசெட்ஸில் குடியரசுக் கட்சி ஆளுநர் தற்காலிக செனட்டரை நியமித்திருப்பார்; சிறப்புத் தேர்தல் 145 முதல் 160 நாட்கள் கழித்துத்தான். ஹாரிஸின் கலிஃபோர்னியா செனட் இடத்துக்கோ சொந்தக் கட்சி ஆளுநர் அலெக்ஸ் படீயாவை நியமித்தார். 2021 ஜனவரியில் செனட் 50க்கு 50 என்று நின்றது; ஒரே ஒரு இடம்கூட அங்கே பெரிது.

பெண்ணைத்தான் நிறுத்துவேன் என்று முன்கூட்டியே சொல்லலாமா? பைடன் 2020 மார்ச் 15 விவாதத்தில் சொன்னார். ஐந்து மாதம் பட்டியலில் இருந்த பெண்களின் ஆட்சி அனுபவமே பேச்சாக இருந்தது. நெருக்கடிக்குப் பணிந்தார் என்ற பேச்சு பெரிதாக எழவில்லை. ஆனால் ‘பெண் என்பதால் கிடைத்தது’ என்ற பழி ஹாரிஸை விட்டுப் போகவும் இல்லை. மொண்டேல் நிலை மோசம். பெண்ணைத் தேர்ந்தெடுக்காவிட்டால் மாநாட்டில் நாங்களே ஒருவரை முன்மொழிவோம் என்று பெண்கள் அமைப்பு எச்சரித்த பிறகு அவர் அறிவித்தார். பொருத்தமான தேர்வுகூட விட்டுக்கொடுத்ததாகத் தெரிந்தது. சொல்வதானால் யாரும் கேட்கும் முன்பே சொல்ல வேண்டும்; இல்லையென்றால் சொல்லவே வேண்டாம்.

அறிவித்த முதல் இரண்டு வாரம்தான் கடினம். பேலினின் முதல் பெரிய தொலைக்காட்சிப் பேட்டி அறிவிப்புக்கு 13 நாள் கழித்து, செப்டம்பர் 11 அன்று வந்தது. அதுவரை மூடி வைத்ததால் எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டே போனது. மாத இறுதியில் தொலைக்காட்சிச் செய்தியாளர் கேட்டி கூரிக்குடன் நடந்த பேட்டியில் அவர் தடுமாறியது அதனால் இருமடங்கு பெரிதாகத் தெரிந்தது. மெக்கெய்னுக்கு அறிவிப்பு நாளன்று 72 வயது நிறைந்தது என்பதால் ‘நாளை இவர் அதிபராக நேர்ந்தால்?’ என்ற கேள்வி தானாகவே எழுந்தது. வாக்களித்தவர்களில் 60 சதவீதம் பேர் பேலினுக்கு அதிபர் பதவிக்கான தகுதி இல்லை என்றார்கள். எனவே மூன்றாம் நாளே உள்ளூர்த் தொலைக்காட்சிகளில் தொடங்கி, பத்து நாளுக்குள் தேசியப் பேட்டிக்கு அனுப்புங்கள். வெளியுறவு, பொருளாதாரம், அதிபர் வேட்பாளரோடு அவர் முரண்பட்ட பழைய நிலைப்பாடு: இந்த மூன்றிலும் அறிவிப்புக்கு முன்பே பதில் தயாராக இருக்க வேண்டும். குறிப்புத்தாளைப் பார்க்காமல் பதில் வரவில்லையென்றால் அறிவிப்பைத் தள்ளி வையுங்கள், கட்சி மாநாடு நெருங்கியிருந்தாலும் சரி.